செவிக்கு வரும் நூல்கள்

(வடமராட்சிக் கிராமமொன்றின் வாசிகசாலை ஆண்டுக் கூட்டத்தில், இளைப்பாறிய பிரசித்த நொத்தாரிசு ஒருவர் நிகழ்த்திய உரை)



இக்கூட்டத்திற் பேசவேண்டும் என்று காரியதரிசியார் என் வீட்டுக்கு வந்து கேட்டபோது, "தம்பி, எழுத்துத் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு வாசிகசாலையில் நான் எதைப் பேசுவது?" என்றேன். "நீங்கள் இப்போது காதால் வாசிக்கிறீர்களே, அதைப் பற்றியே பேசுங்கள்" என்றார். அவர் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் உண்டு. நூல்களை வாய்விட்டு வாசித்து ஒலிப்பதிவு செய்து, கண் தெரியாதவர்களுக்கும் தோட்டத்தில் நின்றபடியே கேட்க விரும்புவோருக்கும் கொடுப்பதென்று இந்த வாசிகசாலை தீர்மானித்திருக்கிறது. வரும் மாதம் வேலை தொடங்கப் போகிறதாம். மிக நல்ல தீர்மானம். ஆனால் அத்தீர்மானத்தின் கதி, எத்தனை நூல்களைப் பதிவு செய்தீர்கள் என்பதைக் காட்டிலும் எவ்வாறு வாசித்தீர்கள் என்பதையே பொறுத்திருக்கிறது. அதைச் சொல்லவே வந்தேன்.

உங்களிற் பலர் என்னை அறிவீர்கள். உங்கள் காணி உறுதிகள் சிலவற்றின் அடியில் என் கையொப்பமும் முத்திரையும் இருக்கும். குளூக்கோமா என்று வைத்தியர்கள் கூறும் நோய் என் பார்வையைக் கவர்ந்தது. கண்ணின் உள்ளே அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பைச் சிறிது சிறிதாகத் தேய்த்துவிடும் நோய் அது. நோவு இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடிதலும் இல்லை. ஓரப் பார்வையை முதலிற் கொண்டுபோய்விட்டு, மனிதன் அறியும் வேளையிற் பெரும்பகுதியைத் தின்று முடித்திருக்கும். போனது திரும்பாது. நாற்பது வயதைக் கடந்தவர்கள் ஒருமுறை கண்ணழுத்தத்தைப் பார்ப்பித்துக்கொள்ளுங்கள். இது என் பேச்சின் பொருளன்று. ஆயினும் சொல்லாமற் போக மனம் வரவில்லை.

எழுத்து மங்கி மறைந்தபின், பேர்த்தி தன் கைத்தொலைபேசியை என் காதருகே வைத்து ஒரு நாவலைப் போட்டாள். அன்று தொடங்கி இந்நான்கு ஆண்டுகளில் துப்பறியும் கதை, சரித்திர நாவல், தன்வரலாறு, செய்யுள், விவசாயக் கைந்நூல் என்று பலவற்றைக் கேட்டுவிட்டேன். சிலவற்றை இரண்டு மூன்று தரம் கேட்டேன். சிலவற்றை அரை மணி நேரத்திலே நிறுத்தினேன். நிறுத்தியவற்றுள் நல்ல நூல்களும் இருந்தன. நூல் நன்றாக இருக்க, வாசிப்புக் கெடுத்துவிட்டது.

எந்த வாசிப்பு நல்லது, எது தீயது என்று அளக்க என்னிடம் ஓர் அளவுகோல் உண்டு. அது என் தொழில் தந்தது. இந்நாட்டுச் சட்டப்படி, உறுதி முடிக்கும் நொத்தாரிசு அதனைக் கைச்சாத்திடுபவருக்குச் சாட்சிகள் முன்னிலையில் வாசித்து விளங்கப்படுத்த வேண்டும். அவ்வாறு செய்ததாக உறுதியின் அடியிலே அத்தாட்சியும் எழுதவேண்டும். "வாசித்து விளங்கப்படுத்தி" என்ற அச்சொற்களை ஆயிரக்கணக்கான தடவை எழுதியிருக்கிறேன். அவற்றின் பாரத்தை எனக்குப் படிப்பித்தவர் எழுத்தறியாத ஒரு முதியவர்.

அவர் புகையிலைச் செய்கைக்காரர். மகளுக்குச் சீதன உறுதி முடிக்க வந்திருந்தார். அன்று வேறும் இரண்டு உறுதிகள் காத்திருந்தன. நான் விரைந்து வாசித்தேன். "மூன்று பரப்புத் தோட்டக் காணியும் கிணறும் பனைகளும் தவிர்ந்த வீட்டு வளவும்" என்று எழுதியிருந்தேன். தோட்டக் காணியை மகளுக்குக் கொடுக்கிறார். வீட்டு வளவையும் கொடுக்கிறார். வளவில் நிற்கும் கிணற்றையும் பனைகளையும் இளைய மகனுக்கென நிறுத்திக்கொள்கிறார். இதுவே அவர் கருத்து. நானோ "மூன்று பரப்புத் தோட்டக் காணியும் கிணறும்" என்று ஒரே மூச்சில் வாசித்து, அங்கே நிறுத்தி, மீதியைப் பின்னர் வாசித்தேன். பெருவிரலில் மை பூச இருந்த முதியவர் கையை இழுத்துக்கொண்டார். "ஐயா, கிணறும் போகுதோ?" என்று கேட்டார்.

எழுத்தில் ஒன்றும் பிழையில்லை என்று சாதிக்க நான் வாய் திறந்தேன். சாட்சிக்கு வந்தவர்களும் கிணறு போவதாகவே தாங்கள் விளங்கியதாகச் சொன்னார்கள். பிழை என் மூச்சில் இருந்தது. மூச்சு மாற இடம் கொடுத்த என் வாக்கியத்திலும் இருந்தது. அத்தாளைக் கிழித்துவிட்டு இரண்டு வாக்கியமாக எழுதினேன். காத்திருந்த இருவரையும் மறுநாள் வரச் சொன்னேன்.

இது நொத்தாரிசு கண்டுபிடித்த புதுமையன்று. ஒரே வகையாக எழுதப்படும் தொடர்கள் ஒலிக்கும் முறையினாலே பொருள் வேறுபடும் என்பதைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திலேயே சொல்லி வைத்தார். உரைகாரர் அதற்குக் காட்டும் உதாரணம் "செம்பொன்பதின்றொடி" என்பது. 'செம்பொன்' என்று நிறுத்தினால் பத்துத் தொடி நிறையுள்ள பொன்; 'செம்பு' என்று நிறுத்தினால் ஒன்பது தொடி நிறையுள்ள செம்பு. தாளில் இரண்டும் ஒன்றே. பொன்னா, செம்பா என்பதை வாசிப்பவரின் நாவே தீர்க்கிறது. கண்ணால் வாசிப்பவன் ஐயம் வந்தால் மேல்வரிக்குத் திரும்பிப் போவான். காதால் வாசிப்பவனுக்கு அந்த வசதி குறைவு. மண்வெட்டி பிடித்த கையோடு தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பவன் தொலைபேசியை எடுத்துப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டிருக்க மாட்டான். அவனுக்குக் கிடைத்தது பொன்னென்றால் பொன், செம்பென்றால் செம்பு.

ஆகவே ஓர் ஒலிநூல் முடிந்தபின் என்னை நானே கேட்டுக்கொள்வது இதுதான்: இது வாசித்து விளங்கப்படுத்தப்பட்டதென்று இதன் அடியில் நான் கையொப்பம் வைப்பேனா?

நூலைச் செவியாற் கொள்வது நமக்குப் புதிதுமன்று. நம் கோயில்களிலே கந்தபுராண படனம் நடக்கும்போது ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். இரண்டு வேலை, இரண்டு ஆள். வாசிப்பவர் பொருள் சொல்லத் தொடங்குவதில்லை. பயன் சொல்பவர் பாட்டை இழுப்பதில்லை. திண்ணையிலிருந்து கேட்ட பாட்டிமாருக்குச் சூரபன்மன் வதை வரி வரியாகத் தெரிந்திருந்தது. அவர்களிற் பலர் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்களல்லர்.

மேல்நாட்டிலே இது கண்ணிழந்தோருக்காகத் தொடங்கிற்று. அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டு காங்கிரஸ் நூலகத்தின் வாயிலாகப் பேசும் நூல்கள் இசைத்தட்டுகளிற் கொடுக்கப்பட்டன. இங்கிலாந்தில் 1935ஆம் ஆண்டு, முதலாம் உலகப் போரிற் கண்ணிழந்த வீரர்களை மனத்திற் கொண்டு, ஒரு பக்கம் ஏறத்தாழ 25 நிமிடம் ஓடும் தட்டுகள் செய்யப்பட்டன. பின்னர் ஒலிநாடாவும் குறுந்தட்டும் வந்தன. இப்போது தொலைபேசியே போதும். கருவிகள் மாறிய வரலாற்றில் நமக்கு அதிக வேலையில்லை. ஆனால் 1935இல் முதன்முதல் எடுத்த நூல்கள் எவை என்பது கவனிக்கத்தக்கது. ஒன்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல், ரோஜர் அக்ரோய்டின் கொலை. மற்றது யோசப் கொன்றாட்டின் சூறாவளிக் கதை. சோதனைக்கென்றே தேர்ந்தெடுத்தாற்போல, வாசிப்பவருக்கு மிகக் கடினமான இரண்டு கதைகள்.

அக்ரோய்டு கதையைச் சொல்பவர் ஒரு கிராமத்து வைத்தியர். முடிவை இங்கே சொல்லி, இனி வாசிக்கப் போகிறவர்களின் பாவத்தைக் கொட்டிக்கொள்ள மாட்டேன். வாசிப்பவருக்கு மட்டும் முடிவு தெரியும். தெரிந்ததைத் தம் குரல் காட்டிக்கொடுக்காமல் முந்நூறு பக்கம் கடக்க வேண்டும். நான் கேட்ட ஒரு துப்பறியும் நாவலில் (இதுவன்று, வேறொன்று) குற்றவாளி முதன்முதல் கதவைத் திறந்து உள்ளே வந்தபோதே வாசித்தவரின் குரல் தடித்துக் கறுத்துவிட்டது. பத்தாம் நிமிடத்தில் ஆளைப் பிடித்துவிட்டேன். மிச்சம் எட்டு மணி நேரம் துப்பறிபவர் எனக்குப் பின்னால் ஓடி வந்தார். துப்பறியும் கதையை வாசிப்பவர் நீதிமன்றத்து முதலியார்போல இருக்கவேண்டும். சாட்சி சொல்வதை மொழிபெயர்ப்பார். நம்புகிறாரா என்று முகம் காட்டார்.

கொன்றாட்டின் கதையில் வேறொரு பொறி இருக்கிறது. சூறாவளி என்றவுடன் கர்ச்சிக்கத் தோன்றும். ஆனால் அந்தக் கதையின் கப்பற்றலைவன் மிகக் குறைவாகப் பேசுபவன். காற்றின் பேரிரைச்சலுக்கூடே அவன் குரல் எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல மெல்லியதாகவே துணை மாலுமியின் காதில் விழுகிறது. அந்த மெல்லிய குரலிலேயே கப்பல் தங்கி நிற்கிறது. வாசிப்பவர் கூச்சலிட்டால் கப்பற்றலைவன் இறந்துபோவான்.

இனி நம்மவர் எல்லாரும் அறிந்த பொன்னியின் செல்வனுக்கு வருவோம். 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழிலே தொடராக வந்த இக்கதை, இன்று ஒருவரே வாசித்ததாகவும் கிடைக்கிறது. பலர் சேர்ந்து, இசையும் குதிரைக் குளம்பொலியும் வாளொலியும் கூட்டி, நாடகம்போல நடித்ததாகவும் கிடைக்கிறது. இரண்டையும் கேட்டேன். வீட்டிலுள்ள பிள்ளைகள் நாடகத்தையே விரும்பினார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆழ்வார்க்கடியான் தடியைச் சுழற்றிக்கொண்டு வாதாடும்போதும், வந்தியத்தேவன் பொய்மேற் பொய் அடுக்கும்போதும், குரல்கள் மோதிக்கொள்ளக் கேட்பது இன்பந்தான். இலங்கை வானொலி நாடகங்களைக் கேட்டு வளர்ந்த என் காதுக்கும் அது பழகிய சுவை.

ஆனால் ஊமை ராணியை நினைத்துப் பாருங்கள். நம் ஈழத்தோடு தொடர்புடையவள் அவள். கதையின் ஆழத்திலே கிடக்கும் இரகசியத்தின் திறவுகோலும் அவளே. அவளுக்குக் குரல் இல்லை. எல்லாவற்றையும் குரல்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடும் நாடகத்திலே, குரலில்லாதவளுக்கு என்ன பங்கு கிடைக்கும்? ஓர் இசைத்துணுக்கும், பக்கத்தில் நிற்பவரின் "ஆ, இதோ பார்!" என்ற வியப்புமே கிடைக்கும். ஒருவரே வாசிக்கும்போது அவள் மற்றையோருக்குச் சரிசமமாக நிற்கிறாள். அவள் கண்ணால் என்ன சொன்னாள், கையால் என்ன காட்டினாள் என்பதைக் கல்கியின் வசனமே சொல்லுகிறது; இளவரசரைச் சொன்ன அதே குரல் அவளையும் சொல்லுகிறது. அந்தப் பகுதிகளைக் கேட்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதுவரை நான் நாடகக் கட்சியிலேயே இருந்தேன்; அன்று கட்சி மாறினேன்.

ஒருவரே வாசிப்பதென்றால் மரக்கட்டைபோல வாசிப்பதென்று பொருளன்று. நடிக்கவேண்டுமா, வாசிக்கவேண்டுமா என்ற வழக்குப் பேசும் நூல்களோடு கூடவே பிறந்து இன்றுவரை தீராமல் இருக்கிறது. என் தீர்ப்பு இது: பாத்திரங்களை வேறுபடுத்த ஒரு சிறு சாயல் போதும். குந்தவைக்காக ஆண்மகன் ஒருவர் தொண்டையைப் பிடித்து மெல்லிய குரல் வருவிக்கும்போது சோழ அரசகுமாரி நம் முன் வருவதில்லை. தொண்டையைப் பிடித்த மனிதரே வருகிறார். அவள் சொற்கள் நிதானமானவை. நிதானமாக வாசித்தால் அவள் தானே வருவாள்.

தன்வரலாறு வேறொரு சாதி. உ. வே. சாமிநாதையரின் என் சரித்திரத்தைக் கேட்டேன். 1880ஆம் ஆண்டு கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை இளம் ஐயர் காணச் செல்லும் இடம் உங்களுக்கு நினைவிருக்கும். என்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்க, ஐயர் தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அடுக்கிக்கொண்டே போகிறார். இவற்றால் என்ன பயன் என்பதுபோல முதலியார் கேட்டு, சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவுகிறார். தமிழ் ஏட்டுச் சுவடிகளின் தலைவிதி அந்த அறையிலே மாறிற்று.

இவ்விடத்தை வாசித்தவர், நூற்பெயர்ப் பட்டியல் சலிப்பூட்டும் என்று அஞ்சிப் போலும், அதைக் கடகடவென்று ஓட்டிவிட்டார். கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பட்டியல் ஓர் இளைஞனின் சொத்துப் பட்டியல் அல்லவா? ஒவ்வொரு பெயரையும் அவர் பெருமையோடு எடுத்து மேசைமேல் வைக்கிறார். அந்தப் பெருமை ஏறிக்கொண்டே போனாலன்றோ, முதலியாரின் ஒரு கேள்வியில் அது விழும் ஓசை நமக்குக் கேட்கும்! பட்டியல் வந்தால் ஓடாதீர்கள். காணி உறுதியின் எல்லைகளை எந்த நொத்தாரிசாவது ஓடி வாசிப்பானா?

செய்யுளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குறளையோ வெண்பாவையோ வாசிப்பவர்கள் இரு பிரிவினர். சீர் பிரித்து ஓசையோடு வாசிப்போர் ஒரு பிரிவு. பதம் பிரித்துப் பொருள் புலப்பட வாசிப்போர் மற்றொரு பிரிவு. சீர் பிரித்தால் சொல் உடைகிறது. பதம் பிரித்தால் தளை உடைகிறது. இரண்டையும் ஒரே வாசிப்பில் இணைக்க முயன்று இரண்டையும் இழந்தவர்களைக் கேட்டிருக்கிறேன். புராண படனக்காரர் செய்ததையே செய்யுங்கள்: முதலில் ஓசைக்காக ஒருமுறை, பின்னர் பொருளுக்காக ஒருமுறை. பின்னணியில் வீணை வேண்டாம்.

விவசாயக் கைந்நூல்களை வாசிப்பதற்கு யார்தான் சிரமப்பட வேண்டும் என்று நினைப்பீர்கள். நான் கேட்டவற்றுள் மிகவும் ஆபத்தானவை அவைதான். கதையிலே ஒரு சொல் தவறினால் சுவை கெடும். கிருமிநாசினியின் அளவு தவறினால் பயிர் கெடும், தெளிப்பவனும் கெடுவான். வெங்காயத்துக்கு மருந்தடிக்கும் முறையை ஒருவர் இனிய குரலில், சங்கீதம் பாடுவதுபோல வாசித்தார். அளவும், கலக்கவேண்டிய நீரின் கணக்கும், அறுவடைக்கு எத்தனை நாளுக்கு முன் நிறுத்தவேண்டும் என்பதும் ஒரே மூச்சிற் போயின. எண் வரும் இடத்தில் நின்று வாசிக்கவேண்டும். வாசித்ததை மறுபடியும் வாசிக்கவேண்டும். அளவைப் பெயரை விழுங்கக்கூடாது. மூல நூலில் ஒருமுறைதானே இருக்கிறது என்று எவரும் வழக்குத் தொடுக்கமாட்டார்கள்.

இப்போது இயந்திரக் குரலுக்கு வருகிறேன். காரியதரிசியாரும் இளைஞர்களும் இதைப்பற்றி என்னோடு சற்று வாதாடினார்கள். மனிதர் வாசிக்க மாதக்கணக்காகும், கணினிக்குக் கொடுத்தால் ஓர் இரவில் ஒரு நூலை வாசித்துவிடும், செலவுமில்லை, ஆகையால் எல்லாவற்றையும் அதனிடமே கொடுத்துவிடலாமே என்பது அவர்கள் கட்சி. நான் இயந்திரத்துக்கு நன்றி மறந்தவனல்லன். தினமும் காலையிற் பத்திரிகையை எனக்கு வாசிப்பது அதுதான். அது களைப்பதில்லை, கொட்டாவி விடுவதில்லை, மரண அறிவித்தல்களைத் திரும்ப வாசி என்றால் முகம் சுளிப்பதில்லை. முன்பு கேட்டதைவிட இப்போது அதன் குரல் எவ்வளவோ திருந்தியிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என்னிடமுள்ள இயந்திரம் "1956இல்" என்று கண்டால், ஆண்டை வாசித்து, நின்று, பிறகு "இல்" என்று தனியே சொல்லுகிறது. நடந்தது இல்லை என்கிறதோ என்று முதல்நாள் திகைத்தேன். ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் அதன் வாயில் அகப்பட்டுப் படும் பாடு வேறு. அவை சிறு பிழைகள், நாளை திருந்தலாம். கிணறு போகிறதா, நிற்கிறதா என்பதை விளங்கி வாசிக்கிறதா என்பதே என் கேள்வி. தவறான இடத்தில் நிறுத்தும்போதும் அதன் குரலில் ஓர் ஐயம் தோன்றுவதில்லை. மனிதர் விளங்காமல் வாசித்தால் குரல் தடுமாறும், கேட்பவன் உசாராவான். இயந்திரம் செம்பையும் பொன்னைப்போலவே பளபளப்பாக நீட்டுகிறது. ஆதலால் பத்திரிகை, அறிவித்தல், பரீட்சைக் குறிப்பு ஆகியவற்றுக்கு இயந்திரம் இருக்கட்டும். நிலைத்திருக்கும் நூலுக்கு மனிதர் வேண்டும். இயந்திரத்தைக் கொண்டு செய்தாலும் ஒருவர் முழுவதும் கேட்டுக் கையொப்பமிட வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதை இளைஞர்கள் குறிப்பாகக் கேட்கவேண்டும். தமிழிற் கிடைக்கும் ஒலிநூல்களிற் பெரும்பாலானவை தமிழகத்திலே வாசிக்கப்பட்டவை. அவர்கள் அவர்கள் நூல்களை அவர்கள் நாவால் வாசிக்கிறார்கள்; அதில் எனக்குக் குறையில்லை. நம் நூல்களை யார் வாசிப்பது? செங்கை ஆழியான் 1973இல் வெளியிட்ட வாடைக்காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுந்தீவுக் கடற்றொழிலாளரின் கதை. நூலின் பெயரிலேயே சோதனை தொடங்குகிறது. காற்று என்பதிலுள்ள றகர இரட்டையைத் தமிழகத்தார் ஈற்றில் ஒரு ரகரச் சாயலோடு ஒலிப்பர். நாம் அச்சாயலின்றி அழுத்தி ஒலிப்போம். இரண்டும் தமிழ்தான். ஆனால் நெடுந்தீவுக் கடற்கரையில் வலை இழுப்பவன் சென்னை நாவாற் பேசினால் அவன் அந்தக் கடற்கரையில் நிற்கவில்லை.

டானியலின் பஞ்சமர், 1972ஆம் ஆண்டு நூல், இன்னும் கடினமான சோதனை. அதிலே வருவது ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சு. ஒடுக்கியவர்களின் பேச்சும் வருகிறது. நம் பேச்சுத் தமிழைத் திரையிலும் மேடையிலும் கேலிக்கென்றே பயன்படுத்திப் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கம் வாசிப்பவருக்குள் ஒளிந்திருந்தால், கிணற்றில் நீரள்ள உரிமை கேட்பவனின் குரலும் சிரிப்பு மூட்டும் குரலாகிவிடும். அப்படி ஒரு பதிவு இந்த வாசிகசாலையின் பெயரால் வெளிவருமானால், வராமலிருப்பதே மேல். அந்தப் பேச்சைப் பேசி வளர்ந்தவர்கள் வாசிக்கட்டும். உச்சரிப்புச் சுத்தம் என்ற பெயரால் அவர்களைத் தள்ளிவைக்காதீர்கள். இந்த மண்டபத்தின் கடைசி வாங்குகளில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்லுகிறேன். மேடைப் பேச்சாளர்களை மட்டும் வாசிக்க அழைத்தால் நான் முதல் ஆளாக ஆட்சேபிப்பேன்.

சட்டம் பற்றிச் சிலர் கேட்டார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி நூலாசிரியரின் பதிப்புரிமை அவர் வாழ்நாளும் இறந்தபின் 70 ஆண்டும் நிலைக்கும். அதற்குட்பட்ட நூல்களுக்கு ஆசிரியரிடமோ உரித்தாளரிடமோ எழுத்தில் அனுமதி பெறுங்கள், வாய்ச்சொல் போதாது. பார்வையற்றோருக்கும் அச்சை வாசிக்க இயலாதோருக்கும் நூல்களை வேறு வடிவிற் செய்துகொடுப்பதற்குச் சர்வதேச உடன்படிக்கை ஒன்று 2013ஆம் ஆண்டு மராகேஷ் நகரில் ஏற்பட்டது. இலங்கை 2016இல் அதிற் சேர்ந்தது. அதன் பயனை எந்த வழியில் இந்த வாசிகசாலை பெறலாம் என்பதை என் பழைய தொழில் நண்பர்களோடு பேசி எழுதித் தருகிறேன்.

உரிமை முடிந்து எவரும் எடுக்கத்தக்க நூல்கள் நம்மிடமே இருக்கின்றன. ஆறுமுகநாவலரின் வசன நூல்கள் உண்டு. தமிழ் வசனத்திலே நிறுத்தக் குறிகளைத் திருத்தமாக இட்டவர் அவர். எங்கே மூச்சு விடுவதென்று தாளிலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். வாசிக்கப் பழகுபவர்களுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி 1895இல் வந்தது. அதற்குப் பத்து ஆண்டு முன்னர், 1885இல், சித்திலெப்பை அசன்பேயுடைய சரித்திரத்தை வெளியிட்டார். நம் நாட்டின் முதல் தமிழ் நாவல் என்று கருதப்படுவது அது.

முதற் பதிவாக எதை எடுக்கலாம் என்று காரியதரிசியார் என்னைக் கேட்டிருந்தார். அசன்பேயை எடுங்கள் என்பது என் அபிப்பிராயம். எகிப்திலும் இந்தியாவிலும் நடக்கும் கதை, திருப்பங்கள் நிறைந்தது, தோட்டத்தில் நிற்பவரும் நிறுத்தாமற் கேட்பார். அறபுப் பெயர்கள் நிறைய வரும். அவற்றைப் பிழையின்றிச் சொல்ல, நம் முஸ்லிம் சகோதரர் ஒருவரையே வாசிக்கக் கேளுங்கள். பருத்தித்துறைப் பள்ளிக்கூடத்திலே படிப்பித்த மௌலவி ஒருவர் எனக்குப் பழக்கம், நானே பேசிப்பார்க்கிறேன். முதல் அத்தியாயம் பதிவானவுடன் வெளியிட அவசரப்படாமல் என்னிடம் அனுப்புங்கள். பகலிலே எனக்கு வேறு வேலையில்லை. எந்த நிமிடத்தில் எந்தச் சொல் என்று பேர்த்தியைக் கொண்டு எழுதுவித்து அனுப்புவேன். வாசித்தவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.